தொரசாணியை விட்டுவரப் போன நாள்

ஜூலை பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு நாற்பது. விடியுமுன் தொடங்கிய தூறல் விடவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து பலாங்கொடைக்கு இறங்கும் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், மடியில் ஒரு பிரம்புக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். இருபது வருடங்களுக்கு மேல் என் மனைவி சந்தைக்குக் கொண்டுபோன கூடை அது. மூடியை மூன்று இடத்தில் கயிற்றால் கட்டியிருந்தேன். உள்ளே, அவளுடைய பழைய சேலையில் சுற்றியபடி, அவள் வளர்த்த பூனை. மீன் கடைகளுக்குப் பின்னால் அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாக முடிவு செய்திருந்தேன். பூனை வேண்டாமென்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். வழி தெரியாத தூரம், மீன் தலை கிடைக்கும் இடம். விட்டுவந்தவனும் ஒருவாறு மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

தொரசாணி என்று அதற்குப் பெயர் வைத்தவள் அவள்தான். தோட்டத் துரையின் மனைவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முன்பு வளர்த்த இரண்டு பூனைகளும் ரோட்டில் அடிபட்டுச் செத்ததால், இந்தக் குட்டியை அவள் வாசலைத் தாண்ட விடவில்லை. "வெளிய கால் வைக்காது, மண்ணு மிதிக்காது, பாலு மட்டும் நேரத்துக்கு வந்துரணும். தொரசாணி இல்லாம வேற யாருங்க இது?" என்பாள். தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். பால்மா விலையைச் சொல்லி முணுமுணுப்பேன். விலை கேட்டால் நான் இரவெல்லாம் புரளுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எதை வாங்கினாலும் பாதி விலைதான் என்னிடம் சொல்வாள். நாலாயிரம் ரூபாய்ச் சேலை எங்கள் வீட்டுக்குள் இரண்டாயிரமாக வரும். கடைக்காரர்கள் எல்லோரும் எனக்குப் பழக்கம். உண்மை விலை என் காதுக்கு வந்துவிடும். தெரியும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொல்லும் பாதியைக் கேட்டுக்கொண்டு தூங்கிப் பழகியிருந்தேன்.

அவளுக்குச் சீனி வருத்தம்; ஆஸ்பத்திரியில் நீரிழிவு என்பார்கள். சென்ற வருடம் இடது காலில் வந்த புண் ஆறவேயில்லை. நான்கு மாதம் நான்தான் தினமும் மருந்து கட்டினேன். அந்தப் புண்ணின் வாசம் சுவரில், தலையணையில், என் சட்டையில் எல்லாம் இருந்தது. நவம்பரில் இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பன்சலையிலிருந்து, புத்த பிக்குகள் பிரித் ஓதிக் கொடுத்த காப்பு நூல் கொண்டுவந்து அவள் கையில் கட்டினாள். மிச்சமிருந்த நூலை இவள் குட்டியின் கழுத்தில் கட்டினாள். அப்போது அது என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். "வளந்தா இறுகுங்க. நான் வந்து அவுத்து விட்டுக்கிறேன்" என்றாள். ஆட்டோ வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வரவில்லை.

மாசி மாதம் வாக்கில் பூனை கடிக்கத் தொடங்கியது. தட்டில் சோறு வைக்கக் குனிந்தால் மணிக்கட்டைப் பிடிக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் காதை மடக்கிச் சீறும். நான் அதட்டினேன், தண்ணீர் தெளித்தேன், துடைப்பத்தால் தரையில் அடித்துப் பயமுறுத்தினேன். அதன்பின் என் காலடிச் சத்தம் கேட்டாலே அலுமாரிக்கு அடியில் போய்விடும். வீட்டில் அந்தப் பழைய வாசமும் போகவில்லை. நான்கு மாதம் புண் கட்டியவன் மூக்கில் அது தங்கிவிட்டது என்றே எண்ணினேன். சில வேளைகளில் அதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. அவள் உள் அறையில்தான் படுத்திருக்கிறாள் என்பதுபோல.

ஜூலை முதல் வாரம் கொழும்பிலிருந்து மகள் பேத்தியோடு வந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை பூனையைக் கட்டியணைக்கப் போனது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கீறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திரும்பியதும் மகள் பையை அடுக்கினாள். "அம்மா வளத்ததுன்னு எனக்கும் தெரியும்ப்பா. ஆனா இது இருக்கிற வீட்டுக்கு நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வர மாட்டேன். நீங்களே யோசிச்சுக்கங்க." யோசித்தேன். எனக்கு இருப்பது ஒரே மகள். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

இரண்டாம் திருப்பத்தில் எங்கள் தோட்டத்துக் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க கிளாக்கரய்யா, கூடையில கருவாடா? எல்லாரும் சந்தையிலருந்து வாங்கிட்டு வருவாங்க, நீங்க அங்க கொண்டு போறீங்களே!"

"பூனை."

"செத்த பூனையா?"

"உயிரோடதான் இருக்கு."

"அப்ப எங்கயோ புண்ணு அழுகிருச்சுங்க அதுக்கு. இந்த நாத்தம் நாறுது!"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். "ஒனக்கும் அடிக்குதா?"

"எனக்கா? பஸ்ஸுக்கே அடிக்குதுங்க!" என்றாள். முன் சீட்டுக்காரர் சிரித்தார்.

எனக்கு மட்டும் உரியது என்று எட்டு மாதமாக நான் வைத்துக்கொண்டிருந்த வாசம் அது. பலாங்கொடையில் இறங்கியபோது மீன் கடைப் பக்கம் கால் போகவில்லை. மிருக வைத்தியர் இருக்கும் இடத்தை ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

வைத்தியர் ஒரு சிங்களப் பெண்; என் மகளைவிட இளையவள். மயக்க ஊசி போட்டுக் கழுத்து மயிரை மழித்தாள். சதைக்குள் ஒரு வளையம் புதைந்திருந்தது. அதன் மேல் தோல் பாதி மூடி, சீழ் வைத்திருந்தது. கத்தரியின் நுனியால் அவள் வெளியே எடுத்தபோதுதான் அது நூல் என்று தெரிந்தது.

"இத்தனை நாளா யாருமே தொட்டுப் பார்க்கலையா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"தொட விடாது, மிஸ்."

"நோகுதுதானே. எப்படி விடும்? இதை யார் கட்டினது?"

"என் வீட்டுக்காரி."

"அவங்ககிட்டச் சொல்லுங்க, குட்டிக்கு இப்படிக் கட்டக் கூடாதுன்னு. வரலையா அவங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க" என்றேன்.

புண் மூன்று வாரத்தில் ஆறியது. பயம் ஆறவில்லை. அதற்கு வைத்தியர் சொன்னதை எல்லாம் செய்தேன். மேலிருந்து கையை நீட்டுவதில்லை, அதட்டுவதில்லை. ஜன்னலோரம் உயரத்தில் அது ஏறி உட்கார ஒரு பலகை அடித்தேன். வாலை விசுக்கினால் எழுந்து அப்பால் போய்விடுவேன். கடிக்க ஆசை வந்தால் கடிக்கட்டும் என்று துணி முடிந்த கயிற்றைத் தரையில் இழுத்தபடி வீட்டுக்குள் நடப்பேன். எழுபத்து மூன்று வயதில் கயிறு இழுத்து விளையாடுகிறேன் என்று பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா சிரித்தாள். நூலைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. நல்ல மனதோடு கொண்டுவந்தவள்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். நான் போனில் மூன்று தடவை கெஞ்சியதால் வந்தாள். பேத்தி நான் சொல்லிக்கொடுத்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் அசையாமல் உட்கார்ந்தாள். பூனை பலகையிலிருந்து இறங்கி வந்து, அவள் கால் விரலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. "தாத்தா, அது என்னைய ஒண்ணும் செய்யல!" என்றாள் பிள்ளை. மகள் சமையலறைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

இன்றும் எப்போதாவது என்னைக் கடிக்கிறது. மடியில் ஏறுவதில்லை. மூடியைக் கழற்றிய பிரம்புக் கூடையைப் பலகையின் மேல் வைத்திருக்கிறேன். அந்தச் சேலையின் மேல் சுருண்டு அதில்தான் தூங்குகிறது. நான் சந்தைக்குப் பொலித்தீன் பையோடு போகிறேன். வீட்டில் இப்போது எந்த வாசமும் இல்லை. உள் அறைக்குள் போகும்போது அது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

வைத்தியச் செலவு, மருந்து, ஆட்டோ, பலகை, ஆணி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். அவள் இருந்திருந்தால் ஐயாயிரத்துச் சொச்சம் என்று சொல்லியிருப்பாள். நானும் நம்பியதுபோலத் தூங்கியிருப்பேன். பாதியாக்கிச் சொல்ல இப்போது வீட்டில் ஆளில்லை. பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.