கழுவாத டின்

ரொட்டிக்காரருக்கு உலகத்தில் இரண்டுதான் பிடிக்கும். ஒன்று அவருடைய அடுப்பு, இன்னொன்று மகள். மற்றவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுவார். "ரொட்டி நேத்துதா?" என்று வாய்தவறிக் கேட்டவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவது நல்லது.

அப்படிப்பட்டவரின் மகள் வளரவே இல்லை. வகுப்பில் எல்லாரும் கிடுகிடுவென்று உயர, இவள் மட்டும் குச்சிக் கையும் உப்பிய வயிறுமாக நின்றாள். சத்து போதவில்லை என்று ரொட்டிக்காரர் வெண்ணெய் தடவித் தடவிக் கொடுத்தார். கடைசியில் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: சீலியாக்.

"கோதுமையில குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. அது உள்ள போனா இவளோட உடம்பே குடலைப் புண்ணாக்கிடுது. புண்ணான குடல் சத்தை உறிஞ்சாது. சில பேருக்குக் கோதுமை ஒத்துக்காம வெறும் உப்புசம் வரும். இது அது இல்ல. ஆயுசுக்கும் கோதுமை, பார்லி ஆகாது. துகள்கூட ஆகாது."

ஊருக்கெல்லாம் ரொட்டி போடுகிற கை. சொந்தப் பிள்ளைக்கு அதுவே விஷமாம். மனிதர் இடிந்துபோனார். ஆனால் வீம்புக்காரர். கடை விடுமுறையன்று மேசையைத் தேய்த்துக் கழுவி, புதுக் கத்தி வாங்கி, அரிசி மாவிலும் சோள மாவிலும் அவளுக்கென்று ரொட்டி சுட்டார். அதற்கு, கடையில் ரொட்டி வேகவைக்கிற டின்களில் இருந்ததிலேயே நல்லதை எடுத்தார். பழசு, கன்னங்கரேலென்று பதமேறியது. ரொட்டி டின்னை யாரும் கழுவ மாட்டார்கள். துணியால் துடைத்து எண்ணெய் பூசி வைப்பதுதான் தொழில் முறை. தண்ணீர் பட்டால் ரொட்டி ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு தடவையும் மகள் பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுவாள்.

"எனக்காக ஒரு வாய், குட்டி."

அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு மீதியையும் தின்பாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், குடல் ஆறுகிற வலி என்று சொல்லித் தேற்றுவார்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் சோதித்தபோது, நோயைக் காட்டும் அளவு இறங்கவே இல்லை. "எங்கேயோ கோதுமை உள்ள போகுது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ரொட்டிக்காரர் மகளை நிறுத்திக் கேட்டார். "பள்ளிக்கூடத்துல யார்கிட்ட வாங்கித் தின்ன?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத!"

ஓங்கி ஒரு அறை. அவள் அழக்கூட இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் "இல்லப்பா" என்றாள். பாவி மனிதர் நம்பவில்லை.

அடுத்த விடுமுறையன்று கடையைச் சுத்தம் செய்யக் கூட வந்த மனைவிதான் அந்த டின்னைக் கையில் எடுத்தாள். மூலை மடிப்பில் நகத்தை விட்டுக் கீறினாள். கறுப்பாக ஏதோ பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"என்னங்க இது?"

"அது டின்னோட பதம். தொடாத."

"எந்த மாவோட பதம்?"

ரொட்டிக்காரர் டின்னை வாங்கி மூலையைப் பார்த்தார். "அடுப்புல போறதுதானே... அந்தச் சூட்டுல கோதுமையெல்லாம் எரிஞ்சிருக்கும்" என்று முனகினார். சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லை. டாக்டருக்குப் போன் போட்டார். சூட்டில் குளூட்டன் போகாது என்று பதில் வந்தது. மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே யாரோ ரொட்டி கேட்டுக் கதவைத் தட்டியது அவர் காதில் விழவில்லை.

புது டின் வந்தது. கடைப் பக்கமே போகாமல், குளித்து மாற்றுச் சட்டை போட்டு, வீட்டிலேயே சின்ன அடுப்பு வாங்கிச் சுட்டார். இதுவரை சுட்டதிலேயே நல்ல ரொட்டி அது. மகள் ஒரு துண்டு பிய்த்தாள். வாய்வரை கொண்டுபோனாள். பிறகு அப்பாவின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்புறமா சாப்பிடுறேன்ப்பா. இப்பப் பசிக்கல."

துண்டைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள். எனக்காக ஒரு வாய் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரொட்டிக்காரர் அதை விழுங்கிக்கொண்டு தட்டை எடுத்து உள்ளே வைத்தார்.