பொண்ணுங்க பைய நான் பாக்கவே இல்ல

மூணு வருஷத்துக்கு முன்னாடி, பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல நான் பிளஸ் ஒன் வகுப்பு டீச்சரா இருந்தப்ப நடந்தது இது. இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்குது.

அப்ப பசங்ககிட்ட உதட்டுக்குள்ள அதக்கி வைக்கிற புகையிலைப் பொட்டலம் ரொம்பப் புழங்கிக்கிட்டு இருந்துச்சு. எனக்கோ கோவம் மூக்குமேல வரும். திங்கக்கிழமை ஆனா பை சோதனை. அதுலயும் ஒரு வரிசை வச்சிருந்தேன். மொதல்ல சித்தேரி மலையிலருந்து பஸ்ல வர்ற பசங்க. அடுத்தது கடைவீதி பாய் வூட்டுப் பசங்க. கடைசியா எங்க ஆளுங்க, காடு தோட்டம் வச்சிருக்கிறவங்க வூட்டுப் பசங்க. அவங்க பைய மேலாப்புல ஒரு தட்டு தட்டிட்டு வுட்டுருவேன். பொண்ணுங்க பைய தொட்டதே இல்ல. பொம்பளப் புள்ளைங்க அதெல்லாம் செய்வாங்களான்னு அவ்வளவு நம்பிக்கை! புடிச்ச பொட்டலத்தையெல்லாம் வகுப்பு லீடர் பொண்ணுகிட்டதான் குடுப்பேன், குப்பைக்குழியில போட்டுட்டு வான்னு. மொத பெஞ்சு, மொத மார்க்கு. எங்க ஆளுங்க வூட்டுப் பொண்ணு வேற.

ஒரு நாள் பல் டாக்டரம்மா ஒருத்தர் முகாமுக்கு வந்தாங்க. நான் பெரிய மேதாவியாட்டம், "பசங்க உதட்ட நல்லா பொரட்டிப் பாருங்க டாக்டர், பொண்ணுங்களுக்குப் பல்ல மட்டும் எண்ணி வுட்டாப் போதும்"னேன். அவங்க சிரிச்சுட்டு எல்லார் உதட்டையும் பொரட்டுனாங்க. மலை, கடைவீதி, எங்க ஆளுங்கன்னு எல்லாப் பக்கத்துலயும் ஒண்ணு ரெண்டு பேர் போடறது தெரிஞ்சுது. லீடர் பொண்ணு முறை வந்தப்ப என்னைக் கூப்பிட்டுக் காட்டுனாங்க. கீழுதட்டு உள்பக்கம் வெள்ளையா சுருங்கிப் போயிருந்துச்சு.

"உனக்கு எங்க சாமி இது கெடைச்சுது?"ன்னேன்.

"நீங்க தூக்கிப் போடச் சொல்லிக் குடுத்ததுதாங்க டீச்சர்."

பரீச்சைக்குத் தூங்காம படிக்கலாம்னு யாரோ சொன்னத நம்பி ஒண்ணு வச்சுப் பாத்திருக்கா, அப்புறம் வுட முடியல. குழிக்குப் போக வேண்டியதத் தன் பையில போட்டுக்கிட்டா. நான்தான் அந்தப் பைய பாக்கவே மாட்டேனே!

"அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்தி மாமனுக்குக் கட்டி வச்சிருவாருங்க டீச்சர்"னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. அந்த மனுஷன் செய்யக்கூடிய ஆளுதான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு"ன்னு தட்டிக் குடுத்தேன்.

வரிசையில பின்னால நின்ன மலைப் பொண்ணு ஒருத்தி பட்டுனு கேட்டா: "எங்க ஊருப் பையன்கிட்ட இருந்தப்ப மட்டும் அவங்கப்பாவ வரச் சொன்னீங்களே டீச்சர்?"

நெசந்தான். கூலி வேலைய வுட்டுட்டு வந்த அந்தப் பெரிய மனுஷன எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு, வாய்க்கு வந்தபடி பேசியிருந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசமா அந்தப் பையன் பள்ளிக்கூடமே வரல. நானும் ஏன்னு கேக்கல. இவ படிப்பு போயிருமேன்னு பதறுன எனக்கு, அவன் படிப்பு போனது உறைக்கவே இல்ல பாருங்க.

அந்த சனிக்கிழமையே மலைக்கு பஸ் ஏறுனேன். பையனோட அப்பா சாமைக் காட்டுல இருந்தார். "நான் செஞ்சது தப்புங்க, புள்ளைய அனுப்பி வைங்க"ன்னேன். "அனுப்பறனுங்க டீச்சர். ஆனா பைய பாத்தீங்கன்னா எல்லாத்து பையையும் பாருங்க"ன்னார்.

நான் அந்தச் சோதனையவே வுட்டுட்டேன். வாராவாரம் டாக்டரம்மா வந்து, வுடணும்னு நெனைக்கிற புள்ளைங்களோட உக்காந்து பேசுனாங்க. திரும்பி வந்த அந்த மலைப் பையனோட சேத்து ஆறு பசங்க வந்தாங்க. லீடர் பொண்ணும், கூட இன்னொரு பொண்ணும் தானா வந்து உக்காந்தாங்க. திடீர்னு ஆசை வந்தா மெல்லறதுக்கு வறுத்த கடலை வாங்கி வச்சேன். யாரோட அப்பாவையும் வரச் சொல்லல. புள்ளைங்ககிட்ட கேட்டுக்கிட்டு, வூடு வூடா நாங்களே போய்ப் பக்குவமா சொன்னோம். லீடர் பொண்ணோட அம்மா அழுதாங்க. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "அவங்கப்பாவ நான் பாத்துக்கறங்க, புள்ள படிக்கட்டும்"னாங்க. ரெண்டாவது வாரமே அவ மறுபடி ஒண்ணு வச்சுட்டா. தானா வந்து சொன்னா. எனக்குத் திட்டத் தோணல, மறைக்காம சொன்னாளேன்னு சந்தோஷமா இருந்துச்சு.

அவ இப்ப நர்சிங் படிக்கிறா. அந்தப் பையன் தருமபுரியில ஐ.டி.ஐ. படிக்கிறான். ரெண்டு பேரும் புகையிலைய மூணு நாலு மாசத்துலயே வுட்டுட்டாங்க. புள்ளைங்க முகத்தப் பாக்கறதுக்கு முன்னாடி யார் வூட்டுப் புள்ளன்னு பாக்கற என் பழக்கத்தத்தான் நான் இன்னும் வுட்டுக்கிட்டு இருக்கேன்.