நகம் மாதிரிதான் என்று நினைத்தோம்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு கேட்டை அன்று காலையில் திறந்தால், வாசலில் தொட்டியில் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியை ஒரு கன்றுக்குட்டி மொட்டையடித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த துடைப்பக் கட்டையால் அதன் மூக்கிலேயே ஓங்கிப் போட்டேன். கத்தியது. இன்னொன்று போட்டேன். மூன்றாவதுக்குக் கையை ஓங்கும்போது தாய்ப்பசு பின்னால் வந்து என்னைச் சுவரோடு சேர்த்து நசுக்கி, தொடையில் கொம்பை இறக்கிவிட்டது. துணி கிழியும் சத்தம்தான் முதலில் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது.

ஒன்பது தையல். விசாரித்தவர்களிடமெல்லாம், "சிவனேன்னு நடந்து போயிட்டிருந்தேன், பாழாப்போன மாடு குத்திடுச்சு" என்றேன். கன்றை அடித்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

தையல் பிரித்த கையோடு, அந்தப் பசுவை வளர்க்கிற பின்தெரு மாட்டுக்காரரிடம் நொண்டிக்கொண்டே போனேன். மூன்று மாடுகளை வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர்.

"கொம்பை அறுக்கிறியா, இல்ல கார்ப்பரேஷன் மாடு பிடிக்கிற வண்டிக்குப் போன் போடட்டுமா?"

"வேணாங்கா. இது ஒண்ணுதான் இப்ப கறக்குது. இத்த புடிச்சிக்கினு போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்? நுனிய வேணா சீவி வுட்டுர்றேன்."

"அடியோட அறு. நகம் மாதிரிதானே? வலிக்கவா போகுது?"

அவரும் அதைத்தான் நம்பினார். எத்தனையோ தடவை நுனி சீவியிருக்கிறார். ஒரு சொட்டு ரத்தம்கூட வந்ததில்லையாம்.

பசுவின் கால்களைக் கட்டிச் சாய்த்து, தலையை மின்கம்பத்தோடு இறுக்கினார். இரும்பு அறுக்கும் ரம்பத்தை வைத்து இழுத்தார். முதலில் தூள்தான் கொட்டியது, முடி கருகுகிற நாற்றத்தோடு. எனக்குத் திருப்தியாகவே இருந்தது. 'நல்லா வேணும்' என்றுகூட நினைத்தேன். பாதி அறுத்ததும் பசு அலறியது. மாட்டுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்குத் தெரியாது. ரத்தம் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. அவர் பயந்து ரம்பத்தை விட்டார். கயிறு அறுந்து தெறிக்கப் பசு தலையை உதறித் தரையில் மோதியதில், பாதி அறுபட்ட அந்தக் கொம்பு அடியோடு முறிந்தது. அந்த இடத்தில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. பசு மூச்சு விடும்போதெல்லாம் அதற்குள் ரத்தம் நுரைத்தது. ஐயோ என்று துப்பட்டாவை உருவி அழுத்தினேன். நிமிஷத்தில் நனைந்துவிட்டது.

ஓடிவந்த மாட்டு டாக்டர், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ரத்தக் குழாய்களைச் சுட்டு அடைத்தார். கட்டுப் போட்டுக்கொண்டே எங்களைத் திட்டினார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? வெளிய இருக்கிற ஓடுதான் நகம். உள்ள எலும்பு இருக்கு, அதுல ரத்தம் ஓடுது. கன்னுல தோலோட ஒரு மொட்டாத்தான் இருக்கும். வளர வளர மண்டையோட்டுல ஒட்டிக்கும். பெரிய மாட்டுக்கு நெத்திக்குள்ள இருக்கிற குழி கொம்பு வரைக்கும் போகும். நீங்க கொம்பையா அறுத்தீங்க? மண்டையைத் திறந்திருக்கீங்க!"

பசு பிழைத்தது. தினமும் போய்ப் பார்த்தேன். கட்டுப் பிரித்த வாரம், தண்ணீர்த் தொட்டியில் அது வாய் வைக்கும்போது மாட்டுக்காரருடைய இன்னொரு மாடு விலாவில் இடித்தது. முன்பெல்லாம் இந்தப் பசு தலையைத் திருப்பினாலே மற்ற இரண்டும் ஒதுங்கிவிடுமாம். இப்போதும் திருப்பியது, கொம்பில்லாத பக்கமாக. மற்றது நேராக அந்தப் புண்ணிலேயே குத்தியது. பசு முட்டி போட்டு விழுந்தது. விழுந்த பிறகும் விடாமல் வயிற்றில் குத்தியது. அவர் கட்டையால் அடித்து விரட்டுவதற்குள் மடி கிழிந்துவிட்டது.

"இனிமே இத்த ரெண்டும் வாழ வுடாதுக்கா," என்றார். "வித்துட வேண்டியதுதான்."

கறக்காத மாட்டை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். "தப்பு என்னோடதுதான். உன் கன்னுக்குட்டியை நான்தான் முதல்ல அடிச்சேன்," என்றேன்.

"தெரியுங்கா. எதிர் வூட்ல பால் ஊத்திக்கினு பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன்யா அறுத்தே?"

"வண்டிக்கு போன் போடுவேன்னு சொன்னியேக்கா," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.