திக்கற்றோர் மடத்தின் முதல் ஆள்

ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், தீவில் உள்ள எங்கள் ஊரில் திக்கற்ற முதியோருக்கு ஒரு மடம் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே அதன் பதிவேட்டையும் எழுதியவன் என்பதால், மடத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி ஊரவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் கட்டியவரின் பெருமை.

கட்டியவர் மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஆறு அறையும் சமைக்க ஒரு குசினியும் வாசலில் தன் பெயர் வெட்டிய கல்லுமாக மடத்தை எழுப்பினார். கல்தான் முதலில் முடிந்தது. விதி ஒன்றே ஒன்று: பார்ப்பதற்கு உறவினர் எவரும் இல்லாதவரைத்தான் சேர்க்கலாம். தீவில் அப்படி ஓர் ஆளை எங்கே தேடுவது? யாராவது மடத்து வாசல் படலையைத் திறந்தாலே சேதி பறந்து, மருமக்களும் பெறாமக்களுமாக உறவெல்லாம் ஓடி வரும்.

"எங்கட ஆள் மடத்திலை கிடந்தா நாங்கள் ஊரிலை எப்பிடித் தலை காட்டுறது?"

கையைப் பிடித்து இழுத்துப் போய், மானம் கெடாமல் மாட்டுக் கொட்டிலில் படுக்க வைப்பார்கள். இரண்டு வருடம் ஆறு அறையிலும் ஆடுகள்தான் இருந்தன. ஆடுகளுக்கு மானப் பிரச்சினை இல்லை.

ஒரு நாள் மடத்தைப் பார்க்க அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். ஆடுகளைத் துரத்திவிட்டு, பென்சன்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு விதவை சீலைப் பொட்டலத்தோடு, பதிவேட்டை வைத்துக்கொண்டிருந்த என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பென்சன்காரரின் கூடப் பிறந்த அக்கா. தம்பி வீட்டுக் குசினி மூலையில்தான் அவருக்குப் படுக்கை, தம்பி மனைவி போடும் மிச்சம்தான் சாப்பாடு. இது அதிகாரியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"பதிவேட்டிலை எழுதும், வாத்தியார்," என்றார் அக்கா. "புருசன் இல்லை. பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவை ஒருத்தரும் இல்லை."

நான் பென்சன்காரரைப் பார்த்தேன். 'இவ என்ரை அக்கா' என்று சொன்னால், ஏன் இங்கே வந்தார் என்று அதிகாரிக்கு விளங்கப்படுத்த வேண்டும். சொல்லாவிட்டால் மடத்துக்கு ஓர் ஆள் கிடைக்கும். அவர் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"எழுதும்," என்றார்.

எழுதினேன். அன்று வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அதிகாரி மட்டும் மகிழ்ந்துபோய், பென்சன்காரருக்கும் எனக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா அங்கே எட்டு வருடம் சீவித்தார். வருடா வருடம் மடம் திறந்த நாளில் பென்சன்காரர் ஊரைக் கூட்டி அவருக்குத் தர்மச் சீலை கொடுப்பார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்வார்:

"நீங்கள் ஆர் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்க வேணும் ஐயா."