ஒன்பது நாள் ஒயரிங்

காலை பத்து நாற்பதுக்கு என் மகள் டிராக்டரின் ஸ்டார்ட்டரை அழுத்தினாள். என்ஜின் ஒரு தடவை முனகி நின்றது. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம் என் செல்போன். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்று கம்பெனிக்குப் போயிருந்த அவள் அப்பாவுக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பதினொரு விநாடி ஓடுகிறது. அதன்பின் போனைக் கீழே போட்டுவிட்டேன். அந்த வீடியோவை அழிக்கவும் முடியவில்லை, முழுசாகப் பார்க்கவும் முடியவில்லை. இப்போதும் தெருவில் எந்த வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஒரு நொடி கை நின்றுவிடுகிறது.

நான் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“தண்ணி ஊத்தாதம்மா” என்று கத்தியபடியே அவள் சீட்டிலிருந்து குதித்து, பேட்டரியின் கிளாம்ப்பைப் பிடுங்கி எறிந்தாள். புகை அடங்கியது. உருகிய ஒயர் பட்டு அவளுடைய இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது.

அந்த டிராக்டர் அவளைவிட வயதில் மூத்தது. ஷெட்டில் வைக்கோலோடு குடியிருக்கும் எலிகள் அதன் ஒயரைப் பாதிக்கு மேல் தின்றிருந்தன. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி, உருட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வோம்.

மகள் எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவள். ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பதினோரு மாதத்தில் முடிந்துபோய் வீட்டுக்கு வந்தாள். நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பாள். நான் சத்துணவு அமைப்பாளர். ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சாப்பிடச் செய்பவளுக்குச் சொந்தப் பிள்ளையைச் சாப்பிடவைக்க முடியவில்லை. அப்படி இருந்தவள் ஒருநாள் தானாக எழுந்து, டிராக்டருக்குப் புதுசாக ஒயரிங் போடுகிறேன் என்றாள்.

ஒன்பது நாள் வேலை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தாள். எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று துண்டுச்சீட்டு எழுதிக் கட்டினாள். மூன்றாம் நாள் மதியம் ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பழுதுபார்த்த வண்டியைப் புதுப் பெயின்ட், சந்தனம், குங்குமம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். சிவப்பு எனாமல் வாங்கிவந்து, அவள் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்த நாளில் ஒரு போல்ட் விடாமல் இரண்டு கோட் அடித்தேன். டயருக்கும் அடித்துவிடப் போகிறாய் என்று சிரித்தாள்.

அந்தப் பிள்ளையைத்தான், விரலைக் குழாயில் காட்டிக்கொண்டு நின்றபோது, நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். பயத்தில் பேசினேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

“ஒரு மெக்கானிக்க கூப்ட்டிருந்தா இந்தக் கதி வருமா? உனுக்கு எதுக்குடி இந்த வேல?”

அவள் குழாயை மூடினாள். காலண்டர் தாளை நாலாக மடித்து விறகுக் கட்டுக்குள் செருகினாள்.

“இனிமே தொட மாட்டேம்மா.”

கதவு சாத்திக்கொண்டது. கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கும் இதே குரலில்தான் பேசினாள். நாற்று முற்றுகிறது, வயலில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டவேண்டும் என்பதெல்லாம் மறந்துபோனது. மறுபடி நாலு மாதம் சுவரா என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

புகை வாசனைக்கு எட்டிப் பார்த்த என் ஓரகத்தி, “பொண்ணுக்கு மாப்ள பாருன்னா, டிராக்டரப் பாக்க வுட்டுக்கினு கீறியே” என்றாள். எப்போதும் அவளுக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். அன்று கீழே கிடந்த போனை எடுத்தேன்.

உத்திரமேரூர் பஜாரில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பாய்க்குப் போன் செய்தேன். மதியத் தொழுகை முடிந்ததும் வருவதாகச் சொன்னவர் மூன்றரைக்குத்தான் வந்தார். அதற்குள் மூன்று முறை கதவைத் தட்டிவிட்டேன். தூங்குகிறேன் என்று மட்டும் பதில் வந்தது.

பாய் எதையும் தொடாமல் வெகுநேரம் பார்த்தார். ஒயரிங் யார் செய்தது என்று கேட்டார். என் மகள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். டெஸ்ட் லேம்ப்பை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார்.

“ஒயரிங்ல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி. என் கடைல கீறவனுங்களே இவ்ளோ சுத்தமா கட்ட மாட்டானுங்க.”

பிறகு பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்கு வரும் தடித்த எர்த் கேபிளைக் கழற்றினார். அது உட்கார்ந்திருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டினார். சிவப்புச் சிவப்பாக உதிர்ந்தது.

“இங்க இரும்பு பளிச்சினு தெரியணும். யாரு இதுக்குள்ள பெயின்ட் வச்சது?”

பெயின்ட்டைத் தாண்டிக் கரண்ட் போகாதாம். தடித்த கேபிளில் வழி அடைபட்டதால், ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட் முழுவதும் டேஷ்போர்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் மெல்லிய எர்த் ஒயர் வழியாகப் பாய்ந்து அதைக் கொளுத்திவிட்டது. பெயின்ட் அடித்தது நான்தான் என்று பாயிடம் சொன்னேன்; சொல்லாமல் விட்டிருந்தால் அவர் மேற்கொண்டு கேட்டிருக்கமாட்டார்.

மூடியிருந்த அவள் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“பாப்பா, உன் ஒயரு சரியாத்தான் கீதாம். நான் அடிச்ச பெயின்டுதான் எரிய வச்சிச்சாம். தப்பு என்னுது.”

டீ போட்டு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். பாய் எரிந்த ஒயரை உருவி எறிந்துவிட்டு, புது ஒயரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தலையை வாரிக் கட்டியிருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. சுரண்டிய இடத்தைக் குனிந்து பார்த்து, நகத்தால் இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். பாயின் கையிலிருந்த ஒயரை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க டீயக் குடிங்க பாய். இத நானே மாத்திக்கறேன்.”