கண்மாயில் நீர்க்காகங்கள் இல்லாத வருடம்

என் கணவரின் தம்பி திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய வருடம் மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. பனியன் கம்பெனியில் அடுத்தவனுக்கு உழைத்தது போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த கொழுந்தனார், யாரிடமும் கேட்காமல் அந்தக் கண்மாயின் மீன் குத்தகையை மூன்று வருடத்துக்கு எடுத்துவிட்டார். எங்களுக்குத் தெரியவந்தபோது கட்லாவும் ரோகுவும் மிருகாலுமாக மீன்குஞ்சுகள் தண்ணீருக்குள் போயிருந்தன. என் கணவர் போனில் அவரைக் கொஞ்சம் திட்டினார். பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நாங்கள் இருப்பது மதுரை கே.கே. நகரில். பக்கத்திலேயே ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஊர் மதுரைக்கு மேற்கே இருக்கிறது. பைக்கில் இருவருமாகப் போவோம், அவருக்கு வேலை இருக்கும் வாரங்களில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நான் மட்டும் போவேன். நான் போவது பெரும்பாலும் ஓரகத்திக்காக, அதாவது கொழுந்தனாரின் மனைவிக்காக. அவள் அதிகம் பேச மாட்டாள், பேசினால் சுற்றி வளைக்க மாட்டாள். அவள் வீடு கண்மாய்க் கரைக்குக் கீழேயே இருந்தது. கோழி வளர்த்தாள். திரும்பும்போது ஒரு பை நிறைய நாட்டுக்கோழி முட்டை கொடுத்து அனுப்புவாள். என் மகள் கடை முட்டையைத் தொடுவதை நிறுத்தியிருந்தாள்.

கண்மாயின் உள்வாயில் கருவேல மரங்கள் நிறைய நின்றன. தண்ணீர் ஏறியதும் அவை பாதி உடம்பு முழுகி நிற்கும். மழை முடிந்த கையோடு அந்த மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூடு கட்டத் தொடங்கின. ஒவ்வொரு வருடமும் வருபவைதான், ஊரில் யாரும் அவற்றைப் பெரிதாகக் கவனித்ததில்லை. இப்போது கொழுந்தனார் கவனித்தார். நீர்க்காகம் முழுகி எழும்போது அலகில் வெள்ளையாக ஏதோ துடிக்கும். தலையை ஒரு முறை மேலே தூக்கும், அவ்வளவுதான். கரையில் உட்கார்ந்து இதையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தன் பையிலிருந்து யாரோ எடுத்துத் தின்பதுபோல இருந்திருக்க வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்திலும் பறவையைப் பற்றியே பேசுவதாக ஓரகத்தி சொன்னாள்.

முதலில் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். பறவைகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே மரத்தில் உட்கார்ந்தன. பளபளக்கும் ரிப்பன்களைக் கரை நெடுகக் கட்டினார். அதுவும் கொஞ்ச நாள்தான். கடைசியில் சிம்மக்கல் பக்கம் போய் ஒரு சாக்கு நிறைய வெடி வாங்கி வந்தார்.

அந்த வாரம் நாங்கள் ஊரில் இருந்தோம். காலை வெயில் ஏறும் நேரத்தில் வெடித்தார். மரங்கள் மொத்தமும் வெள்ளையும் கறுப்புமாக எழும்பின. வானம் கொஞ்ச நேரம் இரைச்சலாக இருந்தது. கூட்டிலிருந்த குஞ்சுகள் சில மிரண்டு தண்ணீரில் விழுந்தன. இறகு முளைக்காத குஞ்சுகள். மிதந்து வந்து கரையோரச் செடிகளில் ஒதுங்கின. ஓரகத்தி வாசலில் நின்று பார்த்தாள்.

"பிள்ளையும் குட்டியுமா இருக்குறதுகள இப்புடியா வெரட்டுறது. குஞ்சு பறக்குற வரைக்கும் பொறுக்கக் கூடாதா" என்றாள்.

"அதுக பறக்குறதுக்குள்ள கண்மாயில மீனே இருக்காது" என்றார் கொழுந்தனார்.

என் கணவர் தம்பி பக்கம்தான் பேசினார். பறவை மீனைத் தின்கிறது, பறவை போனால் மீன் மிஞ்சும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பாடப்புத்தகத்தில் புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு ஓர் அம்பு, வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு, தவளையிலிருந்து பாம்புக்கு. ஒன்று இன்னொன்றைத் தின்னும். அந்த வரிசையில் ஓர் இடத்தில் மீன், அதற்கு மேலே பறவை. குஞ்சுகளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் கணக்கில் பிழை தெரியவில்லை.

விடாமல் வெடித்தார். தை மாதம் முடிவதற்குள் பறவைகள் கூடுகளைப் போட்டுவிட்டுப் போய்விட்டன. எங்கே போயின என்று தெரியவில்லை. கிழக்கே வேறு கண்மாய்களில் கூட்டம் கூடியிருப்பதாக யாரோ சொன்னார்கள். எச்சத்தால் வெளுத்திருந்த மரங்கள் ஒரு சிறு மழையில் கழுவப்பட்டுப் பச்சையாகிவிட்டன. கொழுந்தனார் அந்த மாதங்களில் நன்றாகச் சாப்பிட்டார், கொஞ்சம் சதை போட்டார்.

பங்குனியில் தண்ணீர் வற்ற ஆரம்பித்தபோது சோதனைக்காக வலை வீசினார்கள். அன்றும் நாங்கள் போயிருந்தோம். வலையை இழுக்க ஆட்கள் திணறினார்கள். கொழுந்தனார் சிரித்த முகமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வலை கரைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. வலை முழுக்க ஜிலேபி கெண்டை. யாரும் விடாமலே எல்லாக் கண்மாயிலும் இருக்கிற மீன் அது. ஒன்றுகூட உள்ளங்கைக்கு மேல் இல்லை. அதற்குள் குஞ்சு பொரித்து, குஞ்சுக்குக் குஞ்சு பொரித்துத் தண்ணீரையே அடைத்துக்கொண்டிருந்தன. நடுவில் அங்கங்கே கட்லா கிடந்தது. தலை மட்டும் பெரிதாக, உடம்பு ஒட்டிப்போய், நோயாளி மாதிரி. மீன் எடுக்க வந்த வியாபாரி ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். தீனி பத்தவில்லை என்றார். கொழுந்தனார் தவிடும் பிண்ணாக்கும் கொட்டியது எனக்குத் தெரியும். அதையெல்லாம் யார் தின்றது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கரையில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கெட்டுப்போச்சு, குஞ்சு விற்றவன் ஏமாற்றிவிட்டான், மேலே எவனோ மருந்தடித்த வயல் தண்ணீரைத் திறந்துவிட்டான் என்று சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சாயங்காலம் கிளம்பும்போது நான் வழக்கம்போலப் பையை எடுத்தேன். ஓரகத்தி முட்டை இல்லை என்றாள். போன வாரமும் நாலைந்துதான் கொடுத்திருந்தாள். கோழிக்குச் சீக்கா என்று கேட்டேன்.

"சீக்கெல்லாம் இல்லக்கா. தீனி மாறிப்போச்சு. மின்ன நீர்க்காகம், கொக்குக் கூட்டுக்கு அடியில மீனு கொட்டிக் கெடக்கும். குஞ்சுக வாயிலருந்து நழுவி விழுந்ததுதான். கரையோரம் ஒதுங்கினத தெனம் ஒரு சட்டி அள்ளிட்டு வந்து போடுவேன். அதத் தின்னுட்டுத்தான் அம்புட்டு முட்டை விட்டுச்சுக. இப்ப வெறும் குருணைதான்."

கொழுந்தனார் வாசலில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்ன மீனு?"

"என்னது?"

"கூட்டுக்கு அடியில கெடந்துச்சுன்னியே. அது என்ன மீனு?"

அவள் யோசித்தாள். இதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது போல.

"எல்லாம் பொடி ஜிலேபிதான். கட்லா கெடந்து நான் பாத்ததில்ல."

அவர் மறுபடி தண்ணீரை அள்ளிக் காலில் ஊற்றினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பைக்கில் வரும்போது பாதி வழியில்தான் அந்த வரிசை என் தலைக்குள் கலைந்தது. பறவை தின்றது மீனைத்தான். ஆனால் அது தின்ற மீன், நாங்கள் வளர்த்த மீனின் தீனியைத் தின்கிற மீன். கணவரிடம் சொன்னேன். வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி சொன்னேன். தம்பியிடம் இதை இப்போது சொல்லாதே என்றார். அவர் ஏற்கெனவே தெரிந்துகொண்டார் என்றேன்.

அந்த வருடம் ஜிலேபியைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். மிச்சத்தை உப்புப் போட்டுக் காயவைத்தார்கள். ஊர் முழுக்கக் கருவாட்டு வாடை. கொழுந்தனார் திருப்பூருக்கே திரும்பிவிடுவார் என்று என் கணவர் எதிர்பார்த்தார். அவர் போகவில்லை.

அடுத்த மழைக்குக் கண்மாய் முக்கால்வாசி நிறைந்தது. மறுபடி குஞ்சு விட்டார். ஜிலேபியைத் தின்னட்டும் என்று கொஞ்சம் விரால் குஞ்சும் சேர்த்து விட்டார். பறவைகள் வருமா என்று எங்களிடம் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும். கார்த்திகையில் ஒன்றும் வரவில்லை. மார்கழியில் சில கொக்குகள் வந்து மேற்குப் பக்க மரங்களில் மட்டும் கூடு கட்டின, அதுவும் கரையிலிருந்து எட்டவே. நீர்க்காகங்கள் அந்த வருடம் வரவே இல்லை. அதற்கடுத்த வருடம்தான் வந்தன, முன்பு இருந்ததில் பாதி இருக்கலாம். விளைச்சல் இரண்டாம் வருடம் சுமார். தலை பெருத்த கட்லா வரவில்லை என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாம் வருடம் மாசி மாதம் ஒரு மத்தியானம் போன் செய்தார். நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன்.

"மதினி, கூழைக்கடா வந்திருக்கு. ஒரு கூட்டமா."

கூழைக்கடாவை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அலகுக்குக் கீழே பை தொங்குகிற பெரிய பறவை. எதைத் தின்கிறது என்று கேட்டேன்.

"ஜிலேபியும் திங்குது, கட்லாவும் திங்குது. இப்பத்தான் ஒண்ணு, முக்காக் கிலோ இருக்கும், முழுசா உள்ள தள்ளுச்சு. கண்ணால பாத்தேன்."

என்ன செய்யப்போகிறீர்கள் என்றேன். கரையில் காற்று அடிப்பது போனில் கேட்டது.

"பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அந்த ஞாயிறு போனபோதும் அவை அங்கே இருந்தன. வரிசையாக நீந்தி வந்து மீனை ஓரத்துக்கு ஒதுக்கி, ஒரே நேரத்தில் தலையை முக்கின. கொழுந்தனார் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை தலைகள் எழும்போதும் அவர் முகம் சுருங்கியது. எழுந்து போகவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஓரகத்தி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். சில வாரம் கழித்து அவை தாமாகவே கிளம்பிப் போய்விட்டன.

பங்குனியில் வலை போட்டார்கள். அவர் நினைத்ததைவிடக் குறைவு, பயந்ததைவிட அதிகம். நல்ல கட்லா ஒன்றை எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்தார். அன்று மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த மூன்று வருடத்துக்கும் ஏலம் கேட்கப்போவதாகச் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார். என் கணவர் தலையை நிமிர்த்தாமல், சரி கேளு என்றார்.