ரசீனா ராத்தாவின் கடையும் கிட்டங்கிச் சுவரும்

மன்னார் பஸ் நிலையத்தில், சிலாவத்துறை பஸ் காலை ஏழு மணிக்கு என்றார்கள். ஏழரைக்குப் புறப்பட்டது. கட்டணம் நூற்றைம்பது ரூபாய், தூரம் முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவில். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டி, வங்காலை, நறுவிலிக்குளம், அரிப்பு என்று தெற்கே போகிறது. பாதி வழி இருக்கை கிடைக்கவில்லை. என் காலடியில் ஒருவருடைய மீன்பெட்டி, அதன் தண்ணீர் முழுக்க என் செருப்பில்.

நான் போனது ஒரு பழைய கட்டடத்தைப் பார்க்க. முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பி மூட்டைகளை அடுக்கிவைக்க கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய கிட்டங்கி என்கிறார்கள். அது அவ்வூர்ப் பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கிறது. கையில் காசில்லாத சபை. ஆனாலும் ஒவ்வொரு மாரி மழைக்கும் முன்னர் சிரமதானம் வைத்து, சுவரில் முளைத்த ஆலங்கன்றுகளைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடிக்கிறார்களாம். எங்கள் ஊர்ச் சபையைக் கண்டு வளர்ந்தவன் இதை எப்படி நம்புவான்? நேரில் பார்த்துவிடுவோமே என்று கிளம்பினேன். சபையின் பெயரை எழுதவேண்டாம் என்று அதன் தவிசாளர் கேட்டுக்கொண்டதால் ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். சிலாவத்துறையில் இறங்கி ஓட்டோவில் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

"எங்க போறியள்?" என்றார் ஓட்டோக்காரர்.

"கிட்டங்கிக்கு."

"ரசீனா ராத்தாட கடையெண்டு சொல்லுங்கோவன். இண்டைக்கு அதைக் கழட்டப்போறாங்கள். கெதியாப் போனாத் தேத்தண்ணி கிடைக்கும்."

கிடைத்தது. கிட்டங்கியின் தெற்குச் சுவரோடு ஒட்டிய தகரக் கொட்டில்தான் கடை. ஊரே அக்கா முறையில் ராத்தா என்றழைக்கும் ரசீனாவுக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். ஒரு கையால் தேநீரை ஆற்றிக்கொண்டே மறு கையால் கிளாசுகளைப் பெட்டியில் அடுக்கினார். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுப் போருக்குப் பிறகு திரும்பி வந்தபோது போட்ட கடை. இதை வைத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

"பழைய கட்டடத்தில ஒட்டிக் கடை இருக்கக் கூடாதாம். சபையில தீர்மானம். இனி எங்க போய்க் குந்துறது, சொல்லுங்கோ பாப்பம்?"

நான் சுவரைப் பார்த்தேன். அடுப்புப் புகையில் சுவர் கரிபிடித்துக் கிடந்தது, சுவரெங்கும் ஆணி. கடை போனால் கட்டடத்துக்கு நல்லது என்றே எனக்கும் பட்டது. அவருடைய தேநீரைக் குடித்துக்கொண்டே அப்படி நினைப்பது சங்கடமாகவும் இருந்தது.

ஒன்பதரை மணிபோல் சபையின் டிராக்டர் வந்தது. தவிசாளரும், சுகந்தி என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தரும், நான்கு வேலையாட்களும் இறங்கினார்கள். தவிசாளர் நேரே வந்து வாங்கில் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்டு ஊத்துங்கோ ராத்தா" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. உடைக்க வந்த இடத்தில் தேத்தண்ணியும் வேண்டுமா! ரசீனா ராத்தா ஊற்றிக் கொடுத்தார். அந்த மனிதர் அதைக் குடித்து முடிக்கப் பட்ட பாட்டைப் பார்த்தபின் என் எரிச்சல் தணிந்தது.

கூரைத் தகரங்களை இறக்கினார்கள். தட்டுகளையும் அலுமாரியையும் வெளியே எடுத்தார்கள். அலுமாரிக்குப் பின்னால், தரையிலிருந்து சுவருக்குச் சாய்வாக மூன்று பனங்குற்றிகள் நின்றன. கடையின் கால்கள் என்று நினைத்து வேலையாள் ஒருவர் முதலாவதன் அடியிலிருந்த மர ஆப்பைச் சுத்தியலால் தட்டிவிட்டார்.

சுவரிலிருந்து பொலபொலவென்று சுண்ணாம்பு கொட்டியது. தேங்காயளவு முருகைக்கல் ஒன்று அவர் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"நிப்பாட்டுங்கோ! எல்லாரும் வெளியால வாங்கோ!" என்று சுகந்தி கத்தினார்.

எல்லோரும் வெளியே ஓட, ரசீனா ராத்தா மட்டும் உள்ளே ஓடினார். "யா அல்லாஹ்! ஆப்பைத் திருப்பி அடியுங்கோடா!" என்று குற்றியைத் தோளால் முட்டிப் பிடித்துக்கொண்டார். வேலையாட்கள் இருவர் திரும்பி ஓடிவந்து ஆப்பை அடித்து இறுக்கினார்கள். கொட்டுவது நின்றது. தகரம் இல்லாத வெளிச்சத்தில் பார்த்தால், சுவரின் நடுப்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது.

"கட்டடத்தைச் சுத்தி அளந்தனான். கடைக்குள்ள வந்து பாக்கேல்ல. பிழை என்னில" என்றார் சுகந்தி. பிறகு, "இந்த முட்டுகள் ஆர் குடுத்தது?"

"நான்தான். சுவர் என்ர தலையில விழுந்திடுமெண்டு குடுத்தனான். சரித்திரத்தைக் காப்பாத்தவா குடுத்தன்? கச்சான் காத்து உரக்கேக்க ஆப்பு இளகிப்போகும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடை திறக்க முந்தி நான்தான் இறுக்கிறனான்."

தவிசாளர் சுவரைப் பார்த்தார், இறக்கிவைத்த தகரங்களைப் பார்த்தார், வெறும் கிளாசைப் பார்த்தார். சுகந்தியோடு சற்று நேரம் தனியாகக் கதைத்தார். முட்டுகளை எடுக்கவே கூடாது, மழையில் நனையவும் விடக் கூடாது, பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்பது சுகந்தியின் முடிவு. ஆளுக்குச் சம்பளம் கொடுக்கச் சபையால் முடியாது என்றார் தவிசாளர். கடைசியில், அடுப்பை மட்டும் றோட்டுப் பக்கம் தள்ளிவைத்து, தகரத்தை மறுபடி ஏற்றச் சொன்னார். தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மாற்றுவதாகவும் சொன்னார்.

ரசீனா ராத்தா சிரிக்கவில்லை. "அப்ப, சுவரைத் திருத்திக் கட்டினாப் பிறகு என்னை எழுப்பிப் போடுவியள், என்ன?"

"கட்டுறதுக்கு எங்களிட்ட ஏது ராத்தா காசு? பயப்பிடாமல் இருங்கோ."

வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராத்தாவும் அப்போதுதான் சிரித்தார், முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு. பெட்டியிலிருந்து கிளாசுகள் மீண்டும் வெளியே வந்தன. அன்றைய இரண்டாவது தேநீருக்கு என்னிடம் அவர் பணம் வாங்கவில்லை.

மத்தியானம் மன்னார் பஸ்ஸில் யன்னலோர இருக்கை கிடைத்தது. நறுவிலிக்குளத்து வயல்களைப் பார்த்துக்கொண்டே எங்கள் ஊரின் பழைய மடத்தை நினைத்தேன். எங்கள் சபையிடம் காசிருந்தது. மடத்தோடு ஒட்டியிருந்த பூக்கடையையும் சைக்கிள் கடையையும் அகற்றி, சுற்றிவர வேலி போட்டு, கதவுக்குப் பெரிய பூட்டும் போட்டார்கள். 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்று மும்மொழியிலும் பலகை வைத்தார்கள். அடுத்த மாரியில் மடம் விழுந்தது. யாரும் உள்ளே போகாததால் எந்தச் சுவர் எப்போது சாயத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. பலகை இன்னும் நிற்கிறது. அதற்கு நல்ல கொங்கிறீற்றுத் தூண் போட்டிருந்தார்கள்.